நெற்றியில் இரண்டு சுழி

ஏப்ரல் 24, திங்கள்

ரெக்ஸின் கம்பெனிக்காரன் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை நாளும் தையல் மெஷினின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று எடுத்துத் துடைத்தேன். "போறவன் வர்றவன் மேலயெல்லாம் எரிஞ்சு விழுகாத அம்மிணி, மனசுல இருக்கறத எழுதியாச்சும் வையி" என்று இவர் சொன்னார். சரி, எழுதுகிறேன். ஆனால் குதிரையைப் பற்றி ஒரு எழுத்து எழுத மாட்டேன்.

இன்று ஒரு ஆம்னி வேனுக்கு முழு செட் சீட் கவர் வெட்டினேன். ஒரு டிராக்டர் சீட் முடிந்தது. நூல் தீரப்போகிறது.

சாயங்காலம் எதிர்க்கடை டயர் சென்னியப்பன் துக்கம் கேட்க வந்தார். ரொம்ப நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "போனது போச்சுங்க்கா. ஒரு வகைல நல்லதுன்னு வெச்சுக்கோங்க. பீடை தானா ஒழிஞ்சுது" என்றார். என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் திட்டினேன். இனிமேல் என் கடைப் படியை மிதிக்க மாட்டார்.

ஏப்ரல் 25, செவ்வாய்

ஆம்னி முடிந்தது. வண்டிக்காரனும் சென்னியப்பன் சொன்னதையே வேறு வார்த்தையில் சொன்னான். அவனுக்கும் கிடைத்தது.

ஏப்ரல் 27, வியாழன்

பீடை என்று இவர்கள் சொல்வது எதை என்று மட்டும் எழுதி வைக்கிறேன். கோபத்துக்காகத்தான்.

பெயர் தாசில்தார். நான் வைத்த பெயர். வந்த அன்று வாசலில் நின்று, பட்டா சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தவன் போல வீட்டை மேலும் கீழும் பார்த்தான். வெள்ளை உடம்பு, சாம்பல் மூக்கு. நெற்றியில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மயிர்ச்சுழி. குதிரை வாங்குகிறவர்கள் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் சுழியைப் பார்ப்பார்கள். இந்த மாதிரி இரட்டைச் சுழிக்கு எங்கள் பக்கம் பாடைச் சுழி என்று பெயர். வைத்திருக்கிறவரைப் பாடையில் ஏற்றிவிடுமாம்.

அதனால் மாப்பிள்ளை அழைப்புக்கு அவனை யாரும் கூப்பிடவில்லை. கோயில் ஊர்வலத்துக்கும் கூப்பிடவில்லை. போங்கடா என்று நானே ஏறிக்கொண்டேன். தடப்பள்ளி வாய்க்கால் கரையோரமாக வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு. சேலை கட்டின பொம்பளை குதிரைமேல் போகிறாள் என்று முதலில் பஸ்ஸை நிறுத்திப் பார்த்தார்கள். பிறகு கோபியில் யாரைக் கேட்டாலும் 'குதிரை நிக்கிற சீட் கவர் கடை' என்று வழி காட்டினார்கள். அவனுக்குச் சேணம், கடிவாளம் எல்லாம் நானே தைத்தேன். கார் சீட்டுக்குத் தைக்கிற கைக்குக் குதிரை முதுகு ஒரு பெரிய விஷயமா? நெற்றிப் பட்டையை மட்டும் சுழி மறையாதபடி மெல்லிசாக வைத்தேன். வெள்ளிக்கிழமையானால் இரண்டு சுழிக்கும் குங்குமம். பார்க்கிறவன் பார்த்துவிட்டுப் போகட்டும்.

பதினோரு வருஷம். இந்தச் சித்திரை பிறந்த மறுநாள் குடல் முறுக்கிக்கொண்டது. டாக்டர் வந்தார். ஊசி போட்டார். போதும், இதற்கு மேல் எழுதவில்லை.

மே 3, புதன்

கள்ளிப்பட்டி ஈஸ்வரமூர்த்தி கடைக்கு வந்தார். தென்னந்தோப்பு, நல்ல மனிதர், ஒரு கறுப்புக் குதிரை வைத்திருக்கிறார். துக்கம் கேட்கவில்லை, பீடை என்று சொல்லவில்லை. டீ குடித்தார். கிளம்பும்போது, "தாசில்தார் சேணமும் கடிவாளமும் சும்மாதானுங்க கெடக்குது? நமக்குக் குடுத்தீங்கன்னா என்ன கேக்கறீங்களோ தந்தர்றேன்" என்றார்.

"அது தர்றதுக்கில்லீங்க."

"சும்மா ஆணில தொங்கி என்ன பண்ணப் போகுது?"

"தொங்கட்டும். உங்க குதிரைக்கு நான் புதுசாத் தச்சுத் தர்றேன். அளவெடுத்து அனுப்புங்க."

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. இனிக் குதிரை வளர்க்க மாட்டேன். அதில் மாற்றம் இல்லை. ஆனால் குதிரைச் சாமான் தைக்கக் கூடாது என்று யார் சட்டம் போட்டது? பீடை ஒழிந்தது என்று சந்தோஷப்படுகிறவர்கள் தினமும் இந்தக் கடை வாசலில் சேணம் தொங்குவதைப் பார்க்கட்டும்.

போனில் ஸ்டேட்டஸ் வைத்தேன்: 'உங்கள் குதிரையின் அளவுக்கே சேணம், கடிவாளம், நெற்றிப் பட்டை தைத்துத் தரப்படும். வசந்தாமணி, கோபி.'

மே 10, புதன்

ஈரோட்டிலிருந்து எருமைத் தோல் வந்தது. வாரெல்லாம் அதில்தான். முதுகில் படுகிற இடத்துக்கு நல்ல கெட்டி ஸ்பாஞ்சு, மேலே வேர்வை இழுக்கிற துணி. வயிற்று வாருக்குச் சீட் பெல்ட் நாடா போட்டேன், லாரியைக் கட்டி இழுத்தாலும் அது அறாது. பித்தளை வளையங்கள் கையில் கனமாக நல்லா இருக்கின்றன. ஈஸ்வரமூர்த்தி கயிற்றில் முடிச்சுப் போட்டு அளவு அனுப்பியிருந்தார். காதிலிருந்து வாய் வரைக்கும் ஒரு முடிச்சு, நெற்றிக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று. அதைச் சுவரில் மாட்டிக்கொண்டு வெட்டினேன். கை தானாக ஓடியது. கயிற்றை நிமிர்ந்து பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

காங்கேயத்திலிருந்து ஒருவர் ரேக்ளாப் பந்தயக் குதிரைக்குக் கேட்டிருக்கிறார். கோயம்புத்தூரில் ஒரு சவாரிப் பள்ளிக்கூடத்துப் பெண்ணும் கேட்டிருக்கிறாள்.

மே 15, திங்கள்

ஈஸ்வரமூர்த்தி கடிவாளத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். லூசாம். நெற்றிப் பட்டை கண்ணுக்கு வருகிறதாம். ஒழுங்காக அளவெடுக்கத் தெரியாதவர்களுக்கு நான் என்ன செய்ய முடியும்?

மே 23, செவ்வாய்

காங்கேயத்துக்காரரும் கடிவாளத்தைத் திருப்பி அனுப்பி, அதையேதான் சொல்கிறார். போனில் சண்டை. "உங்க குதிரைக்குத் தலை சிறுசுன்னா அதுக்கு நானா பொறுப்பு?" என்று கேட்டேன். வைத்துவிட்டார்.

மே 30, செவ்வாய்

கோயம்புத்தூர்ப் பெண் கடிவாளத்தைத் திருப்பி அனுப்பி, மரியாதையாக எழுதியிருக்கிறாள். வேலைப்பாடு பிரமாதமாம், ஆனால் மூன்று ஓட்டை கூடுதலாகப் போட்டும் நிற்கவில்லையாம். இந்த வெயிலில் ஜில்லா முழுக்கக் குதிரைகள் இளைத்துப் போயிருக்கின்றன போலிருக்கிறது.

மே 31, புதன்

இவர் கடைக்கு வந்தார். நாச்சிமுத்து என்று ஊரில் கேட்டால் 'பேசாத ஆளா?' என்பார்கள். குட்டியானை வண்டி ஓட்டுகிறார், வாடகைக்குச் சரக்கு ஏற்றுகிறார், வாயைத் திறப்பது சாப்பிடத்தான். திரும்பி வந்த மூன்று கடிவாளங்களும் மேசையில் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து ஆணியில் மாட்டினார், தாசில்தாரின் கடிவாளத்தின் மேலேயே. மூன்றும் அதன் மேல் அப்படியே பொருந்தி உட்கார்ந்தன. வாருக்கு வார், வளையத்துக்கு வளையம்.

"டேப் இழுபட்டுப் போச்சுங்க, புது டேப் வாங்கோணும்" என்றேன்.

ஜூன் 1, வியாழன்

புது டேப் வாங்கினேன். பழைய டேப்பில் ஒரு குறையும் இல்லை.

ஜூன் 7, புதன்

"நேர்ல போயி அளவெடு. குதிரையத் தொட்டுப் பாத்து வெட்டு" என்றார் இவர். ஒரே நாளில் இவ்வளவு பேச்சு. எனக்குத் தொழில் சொல்லித்தர வேண்டாம் என்று கத்தினேன். மத்தியானம் குழம்பில் உப்புப் போடவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னேன். அவரும் நல்லா இருக்குது என்று சாப்பிட்டு எழுந்துபோனார்.

ஜூன் 14, புதன்

கள்ளிப்பட்டி போனேன். தோல், ஊசி, ஓட்டை போடுகிற கருவி எல்லாம் எடுத்துக்கொண்டு. ஈஸ்வரமூர்த்தியின் கறுப்பு நல்ல அழகு, அது எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம். அளவெடுக்கும்போது என் தோளில் மூக்கை வைத்துத் துழாவியது. வேலைக்கு இடைஞ்சல் என்று தள்ளிவிட்டேன். மறுபடியும் வைத்தது. மறுபடியும் தள்ளினேன்.

அங்கேயே உட்கார்ந்து பிரித்து, வெட்டி, தைத்தேன். ஒவ்வொரு வெட்டுக்கும் எழுந்துபோய் அதன் தலையில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். சரியாக உட்கார்ந்தது. "இப்பத்தானுங்க இது எங்க குதிரைக்குத் தச்ச மாதிரி இருக்குது" என்றார் அவர் சம்சாரம். சாப்பிடச் சொன்னார்கள். பசியில்லை என்று வந்துவிட்டேன்.

ஜூன் 29, வியாழன்

காங்கேயம் முடிந்தது. கோயம்புத்தூர் முடிந்தது. சேலத்திலிருந்து ஆர்டர். இனி நேரில் பார்க்காமல் ஒரு வாரும் வெட்டுவதில்லை. சென்னியப்பன் தன் கடையிலிருந்தே சேணத்தை எட்டி எட்டிப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

ஜூலை 12, புதன்

பவானியிலிருந்து தரகர் அர்த்தநாரி வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் பச்சைத் துண்டு. அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையில் அவர் கை படாத குதிரை குறைவு என்பார்கள். ஒரு செவலைப் பெட்டைக் குதிரை இருக்கிறதாம், சந்தையில் விற்கப் போகிறாராம். நெற்றிப் பட்டை வேண்டும், கண்ணாடி, மணி, குஞ்சம் எல்லாம் வைத்து, உள்ளங்கை அகலத்துக்கு.

"அவ்வளவு அகலம் எதுக்குங்க?"

"அழகுக்குத்தான் அம்மிணி. இத நல்லபடியா முடிச்சுக் குடுத்தீங்கன்னா சந்தைல எல்லாத் தரகனும் உங்க வாசல்லதான் நிப்பான்."

நேரில் அளவெடுக்காமல் தைப்பதில்லை என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார்.

ஜூலை 14, வெள்ளி

பவானி போனேன். கொட்டகையின் கடைசியில் கட்டியிருந்தார்கள். சின்ன வயது, நல்ல கால், முதுகு அளவெடுத்துச் செய்தது போல. ஈயை விரட்டுகிற சாக்கில் நெற்றியில் ஒரு சாக்குத்துணி தொங்கவிட்டிருந்தார்கள். தூக்கிப் பார்த்தேன்.

ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சுழி.

கையை எடுக்க மனம் வரவில்லை. அதுவும் தலையை ஆட்டாமல் நின்றது.

"பாத்துட்டீங்களா? அத மறைக்கோணும். அவ்வளவுதான் வேல" என்றார் அர்த்தநாரி. "இந்தச் சந்தைல தள்ளிவுடலீன்னா அப்பறம் இதுக்குத் தீனி போட நம்மளால ஆகாது. ரோட்டுல அவுத்துவுட வேண்டியதுதான்."

சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். ஆனால் அளவெடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

ஜூலை 16, ஞாயிறு

காலையிலிருந்து இவரோடு வாக்குவாதம். வாக்குவாதம் என்றால் நான் பேசுவது.

"முடியாதுன்னு சொல்லிட்டேன். சுழி மறைக்கிற பட்டை என்ற கையால தைக்க மாட்டேன்."

இவர் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார், "நீ தைக்கலீன்னா இன்னொருத்தன் தைப்பான். மறச்சுக் குடுத்தாலாச்சும் அதுக்கொரு வீடு கெடைக்குமல்லோ?"

"எத்தன நாளைக்கு? வாங்குனவன் வீட்டுக்குப் போயிக் கழட்டமாட்டானா?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு பேருக்கும் ஒரே ஞாபகம்தான்.

எழுத மாட்டேன் என்று சொன்னதையெல்லாம் எழுதித்தான் ஆக வேண்டியிருக்கிறது. தாசில்தாரையும் அப்படித்தான் விற்றிருந்தார்கள். நெற்றி முழுக்க ஜிகினாப் பட்டை கட்டி, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கென்று ஒருவன் வாங்கிக்கொண்டு போனான். வீட்டில் குளிப்பாட்டக் கழற்றியிருக்கிறார்கள். அன்று சாயங்காலமே சத்தி ரோட்டுப் புளியமரத்தில் கட்டிவிட்டுப் போய்விட்டான். தண்ணீர் வைக்கவில்லை. அவிழ்த்துவிட்டால் திரும்பி வந்துவிடும் என்ற பயம், அதனால் கட்டிப் போட்டிருக்கிறான். வாடகைக்குப் போன இவர்தான் பார்த்தார். வண்டியிலிருந்த இளநீரையெல்லாம் வெட்டி வாளியில் ஊற்றினாராம். எனக்குப் போன் போட்டு, "ஏனம்மிணி, நம்மூட்ல எடமிருக்குதா?" என்று கேட்டார். என்னவென்று நான் கேட்கவில்லை. இருக்குது என்றேன்.

மறைத்துக் கொடுத்தால் செவலைக்கும் ஒரு புளியமரம் காத்துக்கொண்டிருக்கும். மறுத்தால் எவனாவது மறைத்துக் கொடுப்பான். இரண்டுமே ஒன்றுதான்.

ஜூலை 17, திங்கள்

ஆடி ஒன்று. அர்த்தநாரிக்குப் போன் செய்தேன். "தச்சுத் தர்றேனுங்க. கூலி வேண்டாம். சந்தைக்கு நானே கொண்டாந்து என்ற கையாலதான் மாட்டுவேன். அது மட்டும் ஒப்புக்கோங்க."

"கூலி வேண்டாம்னா மகராசியா மாட்டு" என்றார்.

ஜூலை 29, சனி

நல்ல தோல். அரக்குச் சிவப்பு. நடுவில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு திறப்பு வெட்டினேன். திறப்பைச் சுற்றிப் பித்தளைக் குமிழ்கள், நெருக்க நெருக்கமாக. இரண்டு சுழியும் அந்தத் திறப்புக்குள் வரும். பார்க்கிறவன் கண் வேறெங்கும் போக முடியாது.

இவர் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அர்த்தநாரி அடிக்க வருவான்" என்றார்.

"வரட்டும்."

"வண்டிய நானே எடுக்கறேன்."

ஆகஸ்ட் 9, புதன்

இன்று ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு மாருதி கதவு ரெக்ஸினைத் தலைகீழாக வெட்டிவிட்டேன். செவலை விற்காவிட்டால் என்ன செய்வேன் என்று இவர் கேட்டார். தெரியாது என்றேன். நாமே வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்ல வாயெடுத்தார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். என்னால் முடியாது. சாகக் கிடக்கிற இன்னொரு குதிரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, இன்னொரு குழிக்கு மண் வெட்டும் இயந்திரத்தைக் கூப்பிட என்னால் முடியவே முடியாது.

ஆகஸ்ட் 10, வியாழன்

எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

விடிந்ததும் அந்தியூர் போய்ச் சேர்ந்தோம். எங்கே பார்த்தாலும் குதிரை. கூட்டம், புழுதி, பொரிகடலை, பலூன், மைக்கில் யாரோ காணாமல் போன பிள்ளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அர்த்தநாரி ஒரு வேப்பமர நிழலில் செவலையைக் கட்டியிருந்தார். சாக்குத்துணி இன்னும் நெற்றியில் தொங்கியது. நான் அதை எடுத்துவிட்டுப் பட்டையை மாட்டினேன். காதுக்குப் பின்னால் வாரை இழுத்து வளையத்தில் பூட்டினேன். ஒரு விரல் போக இடம், அதற்கு மேல் இல்லை. அந்தக் குதிரைக்கென்றே பிறந்தது போல உட்கார்ந்தது.

அர்த்தநாரி பார்த்தார்.

"என்ன எழவு இது?"

"நெத்திப் பட்டைங்க."

"மறைக்கச் சொன்னா சோடிச்சு வெச்சிருக்கற! குடி கெடுக்க வந்தியா?" என்று தோளிலிருந்த பச்சைத் துண்டை எடுத்துக் குதிரையின் நெற்றியில் சுற்றினார். நான் உருவினேன். மறுபடி சுற்றினார். மறுபடி உருவினேன். பக்கத்தில் நின்ற தரகர்கள் சிரித்தார்கள். இவர் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"சரி. பொழுது எறங்கற வரைக்கும் பாக்கறேன். விக்கலீன்னா இங்கயே ரோட்டுல அவுத்துவுட்டுட்டுப் போயிருவேன். பாவம் உன்ற தலைல" என்றார் அர்த்தநாரி.

ஆட்கள் வந்தார்கள். காலைப் பார்த்தார்கள், முதுகைத் தட்டினார்கள், பல்லைப் பார்த்தார்கள், ஆகா என்றார்கள். பிறகு நெற்றி. அவ்வளவுதான், துக்க வீட்டிலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவது போல விலகிப் போனார்கள். ஒரு பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டே போனார். மத்தியானம் ஆயிற்று. இவர் டீ வாங்கி வந்தார், குடிக்க முடியவில்லை. செவலை என் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றது. நான் செய்தது சரிதானா என்று பயம் வந்துவிட்டது. என் வீம்புக்காக இது ரோட்டில் லாரியில் அடிபட்டுச் சாகப்போகிறதா? அர்த்தநாரியின் துண்டு கயிற்றில் தொங்கியது. எடுத்து நானே கட்டிவிடலாமா என்று கையில் எடுத்தும் விட்டேன்.

அப்போதுதான் ஒருவன், நல்ல உடுப்பு, கூலிங்கிளாஸ், தன் கூட்டத்துக்குச் சத்தமாகச் சொன்னான்: "பாடைச் சுழிடோய். இத வாங்குனா வாங்குன வருசமே தூக்கிரும்."

துண்டைக் கீழே போட்டேன்.

"ஏனுங்க தம்பி, யாரத் தூக்கும்?" என்றேன். "இதே சுழி எங்கூட்ல பதினோரு வருசம் இருந்துச்சு. நான் அதுமேல ஏறித்தான் கடைக்குப் போனேன். இதா நிக்கறேன். இதா எம்புருசன், பொகையிலகூட உடாம நல்லாத்தான் நிக்கறாரு. தூக்குச்சுன்னா யாரத் தூக்குச்சு? நாங்கதான் அவனத் தூக்கிக் குழில வெச்சோம். இந்தச் சித்திரைல. சொல்லுங்க, யாரு சுழி யாரத் தூக்குச்சு?"

சத்தம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது. பக்கத்துக் கொட்டகையிலிருந்தெல்லாம் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். கூலிங்கிளாஸ்காரன், "அக்காவுக்குச் சாமி வந்துருச்சுடா" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்தான். கூட்டமும் சிரித்தது. சிரித்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் வாங்கவில்லை.

ஒரு பெண் மட்டும் போகவில்லை. என் வயதிருக்கும், கையில் ஒரு துணிப்பை. குளித்தலையில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறாளாம், பெயர் பரிமளம்.

"பதினோரு வருசமா?" என்று கேட்டாள்.

"ஆமாங்."

"சின்னப் புள்ளைல இருந்தே ஒரு குதிர வாங்கணும்னு ஆச. அப்பா திட்டுனாரு, அப்பறம் அவரு திட்டுனாரு. இப்பத் திட்ட ஆளில்ல. அதான் வந்தேன்" என்றாள். செவலையின் கழுத்தில் கை வைத்தாள். அதன் பிறகு நெற்றியில், அந்தத் திறப்புக்குள், இரண்டு சுழி மேலும் விரலை வைத்தாள். சுற்றி நின்றவர்களுக்கு அதுவே வேடிக்கையாகிவிட்டது.

அர்த்தநாரி துண்டை எடுத்துத் தூசி தட்டினார். சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டுக்கடியில் கை கோத்து விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். எதிராளியின் எந்த விரல், எத்தனை விரல் என்பதுதான் கணக்கு. அவர் துண்டு போர்த்திய கையை நீட்டினார். பரிமளம் பின்வாங்கினாள். "ஆம்பளைங்க யாராச்சும் வந்திருந்தா கைய நீட்டச் சொல்லும்மா" என்று யாரோ சொல்ல, மறுபடி சிரிப்பு.

நான் கையை உள்ளே விட்டேன்.

எனக்கும் அது முதல் தடவைதான். ஆனால் சந்தைக்குச் சரக்கு ஏற்றப் போகிற இவர் எத்தனையோ முறை செய்து காட்டியிருக்கிறார். அர்த்தநாரிக்கு முகம் சுருங்கியது. அவர் என் நான்கு விரலைப் பிடித்தார். நான் உதறிவிட்டு அவர் விரல்களை மடக்கினேன். அவர் இழுத்தார். நான் விடவில்லை. தோல் இழுத்துத் தைக்கிற கை இது, தரகர் கை எம்மாத்திரம்? கடைசியில் எந்த விரலில் நின்றோம் என்பது துண்டுக்குள்ளேயே இருக்கட்டும். பரிமளத்தின் காதில் சொன்னேன். அவள் தலையாட்டினாள். அர்த்தநாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "முப்பது வருசத்துல ஒரு பொம்பளகிட்ட வெரலக் குடுத்ததில்ல" என்றார். கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

எங்கள் குட்டியானையிலேயே குளித்தலைக்குப் போகிற வாடகை வண்டி நிற்கிற இடம் வரைக்கும் செவலையைக் கொண்டுபோய் மாற்றி ஏற்றினோம். பட்டை இருக்கட்டும் என்றேன். பரிமளம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் முடிந்து வண்டி கிளம்புகிற நேரத்தில், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"ஏங்க்கா, நெசமாவே ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஆகாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆகும்" என்றேன். "ஒருநா அது போயிரும். நீங்க இருப்பீங்க. காலைல எந்திரிச்சுத் தீனி எடுக்கப் போவீங்க, அப்பறந்தான் ஞாபகம் வரும். அதுக்குச் சுழியெல்லாம் வேண்டாம். எல்லாக் குதிரைக்கும் அப்படித்தான்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அப்படின்னா சரி. அது வரைக்கும் வெச்சுக்கறேன்" என்று வண்டியில் ஏறிக் குதிரைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

நாங்கள் கிளம்பினோம். சந்தையைத் தாண்டியதும் அழ ஆரம்பித்தேன். விசும்பல் இல்லை, வாயை விட்டு, சத்தம் போட்டு. நான்கு மாதமாக அழாததையெல்லாம் சேர்த்து. பைக்கில் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இவர் கண்ணாடியை ஏற்றக் கை நீட்டினார். ஏற்ற வேண்டாம் என்றேன். யார் பார்த்தால் என்ன? செத்தது என் குதிரை.